நல்லூர் வீதிக்கு மேலே வேண்டாம், பண்ணைக் கடலுக்கு மேலே பறக்கட்டும்

யாழ்ப்பாண வணிகப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாளும் சனம் ஓரிடத்தில் கூடுகிறது. அந்தச் சனத்துக்கு மேலே ஹெலிகொப்டரில் பதாகை கட்டி இழுத்தால் ஊரே பார்க்கும் என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு உண்டு. முற்பணம் கொடுக்க முன் இதை ஒருமுறை வாசியுங்கள். பதாகை பறக்கலாம். நல்லூர் வீதிக்கு மேலே மட்டும் பறக்கக் கூடாது.

ஹெலியின் வயிற்றுக் கொக்கியிலிருந்து கம்பிவடம் இறங்கும். அதில் பதாகையின் முன்விளிம்பு செங்குத்தாகத் தொங்கும், விளிம்பின் அடியில் பாரம் இருக்கும், துணி பின்னால் கொடிபோல் நீளும். ஆகவே நேர் கீழே தேர்முட்டியடியில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் தெரிவது துணியின் அடிவிளிம்புதான், ஒரு எழுத்தும் தெரியாது. சர்வதேச விதிப்படி, சன நெருக்கமான இடத்துக்கு மேலே பறப்பவர் 600 மீற்றர் ஆரைக்குள் உள்ள மிக உயர்ந்த தடையிலிருந்து 300 மீற்றர் மேலே நிற்கவும் வேண்டும். காசு போகும், வாசிக்க ஆள் இராது.

ஆபத்து இன்னும் பெரிது. பதாகையின் இழுப்பும் தொங்கும் எடையும் சமமானால் வடம் 45 பாகை பின்னால் சாயும். இழுப்போ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: மணிக்கு 74 கிலோமீற்றரில் இருந்ததை 111 ஆக்கினால் இழுப்பு 2.25 மடங்கு. பாரம் போதாவிட்டால், அல்லது அது அறுந்து விழுந்தால், துணி மேலெழுந்து வால்சுழலியை நோக்கிப் போகும். அந்த நேரத்தில் விமானிக்கு உள்ள வழி கொக்கியைத் திறந்து எல்லாவற்றையும் விடுவதே. அப்படி விடப்படுவது எங்கே விழும் என்று அவராலும் சொல்ல முடியாது. கீழே காவடியும் பிரதட்டையும் போய்க்கொண்டிருக்கும் வீதியில் அதற்கு இடமில்லை.

‘கோயிலடியில் கொஞ்சநேரம் நிற்பாட்டுங்கோ’ என்று விமானியிடம் கேட்கவும் கூடாது. முன்னோக்கிய வேகம் குறைந்ததும் துணி சுருண்டு தொங்கும். அந்த உயரத்தில் ஓடாமல் நிற்கும்போது ஒற்றை எஞ்சின் நின்றால், பதாகையோடு பாதுகாப்பாய் இறங்குவது மிகக் கடினம்.

நகருக்குத் தெற்கே, பண்ணைக் கடலில் இந்தக் கணக்கெல்லாம் மாறுகிறது. கரையிலிருந்து 600 மீற்றருக்கு அப்பால் நீர்மேல் போனால் 150 மீற்றர் உயரமே போதும். குருநகரிலும் கோட்டையடியிலும் நிற்பவர்களுக்குப் பதாகை முழுமுகம் காட்டும். ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று பலமாக அடிக்கும் என்பதால் ஓட்டம் கொழும்புத்துறைப் பக்கம் தொடங்கி மேற்கே, காற்றை எதிர்த்து வரவேண்டும். மணிக்கு 37 கிலோமீற்றர் எதிர்காற்றில் 74 வேகத்தில் பறக்கும் பதாகை ஒரு கிலோமீற்றரைக் கடக்க 97 விநாடி எடுக்கும், காற்றோடு போனால் 32 விநாடிதான். பண்ணைப் பாலத்துக்கு வர முன்னரே கடல்பக்கமாகத் திரும்ப வேண்டும். வாகனம் ஓட்டுபவர் வானத்தைப் பார்க்கக் கூடாது. சிறகுவலைக்குப் போகும் தோணிக்காரருக்கு நேரத்தையும் பாதையையும் முன்கூட்டியே அறிவியுங்கள்.

இந்தத் திசையை அச்சுக்குக் கொடுக்க முன்னரே முடிவு செய்யவேண்டும். கரையில் நின்று தெற்கே பார்ப்பவருக்கு ஹெலி இடமிருந்து வலமாகப் போகும். ஆகவே வாசகத்தின் கடைசி எழுத்துத்தான் ஹெலிக்குக் கிட்ட வரவேண்டும். வழக்கம்போல முதலெழுத்தை முன்விளிம்பில் வைத்தால் கரைக்குத் தெரிவது கண்ணாடி எழுத்து. ஆடி மாத வெயில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால் எழுத்துள்ள பக்கத்தில் வெளிச்சம் விழும். தைப்பொங்கலில் சூரியன் தெற்கே இருக்கும், எழுத்து கறுத்துப்போகும், வானம் நிறையப் பட்டநூலும் நிற்கும். அந்தக் காலம் வேண்டவே வேண்டாம்.

தமிழ் எழுத்துக்கு ஆங்கில அளவு சரிவராது. வசதியாக வாசிக்க, தூரத்தில் இருநூறில் ஒரு பங்கு எழுத்துயரம் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. 600 மீற்றருக்கு அது 3 மீற்றர். ஆனால் ‘பட்டுச் சேலை’ என்பதில் புள்ளி மங்கினால் ‘படடுச’ ஆகும், ‘சே’யின் சுழி அடைபட்டால் ‘செ’ ஆகும். ‘ண’வின் சுழிகளும் அப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டும். ஆகவே எழுத்தின் உடல் 5 மீற்றர், மேல்விலங்குக்கும் கீழ்வாலுக்கும் ஒன்றரை ஒன்றரை மீற்றர், புள்ளி 80 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் வைத்தால்தான் கண்ணுக்குப் பிடிக்கும். 50 மீற்றர் நீளத் துணியில் எட்டு எழுத்துக்கு மேல் கேளாதீர்கள். தொலைபேசி இலக்கத்தை யாரும் வானத்தைப் பார்த்து எழுதிக்கொள்வதில்லை.

ஓரங்களோடு துணி 12க்கு 50 மீற்றர். சதுர மீற்றருக்கு 115 கிராம் எடையுள்ள பின்னல் பொலியெஸ்டரில் அது 69 கிலோ, நாடாவும் மடிப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். முதலில் கிழிவது பின்விளிம்புதான். அது படபடவென்று அடித்துக்கொண்டே இருப்பதால் நூல் விட்டு, கீலம் கீலமாகப் போகும். அங்கே இரட்டை மடிப்பும் வெயில் தாங்கும் பொலியெஸ்டர் நூலும் வேண்டும், பருத்தி நூல் ஆகாது. வடத்துக்கும் முன்விளிம்புக்கும் நடுவே சுழல்வளையம் கட்டாயம். பட்டம் கட்டுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: முச்சை, அதாவது பட்டத்தின் முன்கட்டு நூல், பிசகினால் பட்டம் குத்துவதுபோல, விளிம்பு நாடாக்களின் நீளம் பிசகினால் பதாகை முறுகும்.

தூக்குவதற்குப் பனையும் மின்கம்பியும் இல்லாத வெட்டை வேண்டும். முதல்நாளே கல், பொலித்தீன் எல்லாம் பொறுக்கித் தரையை நனைத்துவிடுங்கள், சுழலிக் காற்று அவற்றைக் கிளப்பி எறியும். துணியைக் காற்றோட்டத்தில் நீட்டி விரித்து, கொக்கியை மின்விசையாலும் கைநெம்பாலும் பாரத்தோடு ஒவ்வொரு முறை திறந்து பார்த்த பிறகே கிளம்பவேண்டும். இரண்டில் ஒன்று திறக்காவிட்டால் அன்று பறப்பு இல்லை.

இந்த ஊரில் ஹெலிச் சத்தம் வெறும் சத்தம் அல்ல. போர்க்காலத்தில் அதைக் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நாளையும் நேரத்தையும் மூன்று நாள் முன்னதாகப் பத்திரிகையிலும் ஒலிபெருக்கியிலும் சொல்லுங்கள். குடிமனைகளுக்கு மேலே போகாத பாதையையே கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் எழுத்து அனுமதி, பலாலி விமான நிலையக் கட்டுப்பாட்டின் இசைவு, மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வெளிச்சுமை பறப்பில் விமானிக்குள்ள தகுதி ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்டு வாங்குங்கள். சோழகம் முறுகி அடிக்கும் நாளில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை விமானிக்கு மட்டுமே என்றும், அன்று பறக்காவிட்டால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா என்றும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
பதாகை தைப்போரும் வான்சுமை வேலை அறிந்தோரும்
யாழ்ப்பாணம்