நம்ம ஊர் புத்தரை இருவருமாகப் போய்ப் பாருங்கள்

அன்பு மலர்விழிக்கு,

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். நேற்று போனில், "கல்யாண நாளுக்கு ரெண்டு பேர் மட்டும் சிகாகோ போகலாமான்னு யோசிக்கிறோம்மா, ஆனா இனியனை விட்டுட்டு..." என்று ஆரம்பித்தாய். அதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அந்தப் பாதிப் பேச்சு ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. போனில் பதில் சொன்னால் நடுவில் நீ வேறு பேச்சுக்குப் போய்விடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போய் வாருங்கள். மூன்று நாள் போய் வாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டேகேரிலிருந்து யார் அழைத்து வருவது, பால் வாங்கியாச்சா, வியாழக்கிழமை யாருக்கு லேட் கால், துணி மடித்தாச்சா. அரை மணி நேரத்தில் நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்தவர் அடுத்த ஷிப்ட்காரரிடம் வேலையை ஒப்படைக்கிற மாதிரி இருந்தது. நீங்கள் சண்டை போடவில்லை, கோபமும் இல்லை. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. சண்டை போடக்கூட நேரமில்லாமல் ஓடுகிறீர்கள் என்று தோன்றியது.

உனக்கு ஒன்று தெரியாது. 1993 ஜனவரியில், உனக்கு மூன்று வயது, உன்னை ஆச்சியிடம் விட்டுவிட்டு நானும் அப்பாவும் ஒரு நாள் கோடியக்கரைக்குப் போனோம். கல்யாணமாகி நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம் அது. பூநாரைகளைப் பார்க்கத்தான் போனோம். அவை தூரத்துத் தண்ணீரில் ஒரு வெளிறிய ரோஜா நிறக் கோடாகத்தான் தெரிந்தன. திரும்பும் பஸ்ஸையும் விட்டுவிட்டோம். வேதாரண்யம் போகும் சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் அப்பா, தன் அப்பா இறந்த நாளில் என்ன நடந்தது என்று முதல் தடவையாக என்னிடம் சொன்னார். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து! வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு வந்தே இருக்காது. நீ அன்றைக்கு ஆச்சியிடம் ஒரு தடவைகூட அழவில்லையாம். சாயந்தரம் என்னைப் பார்த்ததும்தான் அழுதாய்.

சரி, சிகாகோ பேச்சுக்கு வருகிறேன். 2019 ஜூனில் எங்களை அங்கே அழைத்துப் போனீர்களே, அதுபோல இந்தத் தடவை செய்யாதீர்கள். எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் நீங்கள் அப்படி ஓடினீர்கள், அது எனக்குத் தெரியும். செயின்ட் லூயிஸில் விடிகாலை காரை எடுத்து, ஒரே நாளில் வில்லிஸ் டவர், பீன் என்கிற அந்தக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பெரிய எஃகுச் சிற்பம், படகு, ஏரிக்குள் நீளும் நேவி பியர் எல்லாம் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்பினோம். அந்த நாளில் என் மனதில் நிற்பது ஏரிக்கரையில் உட்கார்ந்த பத்து நிமிஷமும், அப்பா கார் ஜன்னலோரம் பேசாமல் வந்ததும்தான்.

அப்பா ஏன் பேசாமல் வந்தார் என்று அன்றைக்கு நீ கேட்டாய். களைப்பு என்று நான்தான் சொன்னேன். காரணம் வேறு. நாம் எல்லோரும் பீன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் ‘ஒரு அரை மணி நேரம்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்துக்குள் போனார் இல்லையா? அங்கே நம்ம ஊர் புத்தர் இருக்கிறார். நாகப்பட்டினத்துப் புத்தர். சோழர் காலம், பன்னிரண்டாம் நூற்றாண்டு, கருங்கல். ஐந்தடிக்கு மேல் உயரம். கால்மேல் கால் மடக்கி, மடியில் கைமேல் கை வைத்துத் தியானத்தில் அமர்ந்திருக்கிறார்.

ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் இங்கே கட்டிய சூடாமணி விகாரத்தைப் பற்றி நீ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயைக் கொடுத்த செப்பேடுகள் ஹாலந்தில் லெய்டன் வரை போய், அந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. பௌத்தர்கள் கட்டிய பழைய செங்கல் கோபுரம் ஒன்றும் இங்கே நின்றிருந்தது. 1867இல் அதை இடித்துவிட்டார்கள். அந்தக் கோபுரத்தைப் பற்றித் தன் தாத்தா சொன்னதை அப்பா உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! இங்கே மண்ணுக்கடியில் கிடைத்த செப்புப் படிமங்களை எழும்பூர் மியூசியத்தில் போய்ப் பார்த்திருக்கிறார். ஆனால் இவ்வளவு பெரிய கல் புத்தரை அவர் பார்த்தது சிகாகோவில்தான். அன்றிரவு உன் வீட்டில் படுத்தபிறகு என்னிடம் சொன்னார்: "நம்ம ஊர்ல கல்லே கிடையாது, எல்லாம் வண்டல் மண்ணு. எங்கிருந்தோ அந்தக் கல்லை நாகைக்குக் கொண்டுவந்து செதுக்கியிருக்காங்க. இப்ப அது இங்க வந்து உக்காந்திருக்கு." அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

நான் அன்றைக்கு அவரோடு உள்ளே போயிருக்க வேண்டும். பீனில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றுவிட்டேன். ஆறு வருஷமாகியும் அது எனக்குக் குறையாகவே இருக்கிறது. அந்தக் கல்லின் முன்னால் அவர் நின்றபோது பக்கத்தில் யாரும் இல்லை.

அதனால் உங்கள் மூன்று நாளில் ஒரு முழுப் பொழுதை அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். செவ்வாயும் புதனும் அங்கே விடுமுறை. வியாழக்கிழமை இரவு எட்டு வரை திறந்திருக்கும் என்று அப்பா பார்த்துச் சொன்னார். போவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவரை அனுப்பி வைக்க மெட்ராஸ் இளைஞர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டியதும், ராமநாதபுரம் சேதுபதி உதவியதும் நினைவிருக்கட்டும். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும். உள்ளே உலகத்து ஓவியங்கள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். புத்தரைப் பாருங்கள், அப்புறம் மாப்பிள்ளைக்குப் பிடித்த ஒரு கூடத்துக்குப் போங்கள், போதும்.

காரை எடுக்க வேண்டாம். ஊருக்கு நடுவில் ஓட்டல்காரர்கள் பார்க்கிங்குக்கே ஒரு ராத்திரிக்கு ஐம்பது டாலருக்கு மேல் கேட்பார்களாம். ஆம்ட்ராக் ரயிலில் சுமார் ஐந்து மணி நேரம். லிங்கனின் ஸ்பிரிங்ஃபீல்ட் வழியாகப் போகும். வழியெல்லாம் மக்காச்சோள வயல், அக்டோபரில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஐந்து மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்காமல் மாப்பிள்ளை உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அங்கேயே உங்கள் விடுமுறை ஆரம்பமாகிவிடும். யூனியன் ஸ்டேஷனில் இறங்கினால் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது.

தேதி விஷயத்தில் கவனம். அக்டோபர் இரண்டாவது ஞாயிறு அங்கே பெரிய மராத்தான் ஓட்டம். அந்த வாரக் கடைசியில் ஓட்டல் அறை வாடகை ஏறிவிடும், தெருக்களை மறித்துவிடுவார்கள். அதற்கடுத்த வாரம் போங்கள். கல்யாண நாள் நான்கு நாள் தள்ளிப் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஓட்டலை ஊரின் நடுவே இருக்கும் லூப் பகுதியில் ஆற்றை ஒட்டிப் பார்த்து எடு. அங்கிருந்து ஆறு, பீன் இருக்கும் பூங்கா, அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். விளம்பரத்தில் போடும் வாடகையோடு நிற்காது, வரி மட்டும் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஆற்றுப் படகில் மட்டும் மறுபடி போங்கள். கட்டடங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் அழைத்துப் போவார்களே, அது. போன தடவை இனியன் உன் வயிற்றில் இருந்தான், தலைசுற்றல் என்று நீ கண்ணை மூடிக்கொண்டே வந்தாய். முப்பது வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள் நான், அந்த ஆற்றைப் பற்றி எத்தனை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஊரின் கழிவெல்லாம் ஆற்றில் விழுந்து, ஆறு ஏரியில் விழுந்து, அந்த ஏரித் தண்ணீரையே ஊர் குடித்துக்கொண்டிருந்தது. கால்வாய் வெட்டி 1900இல் ஆற்றையே எதிர்த்திசையில் ஓட வைத்துவிட்டார்கள். 1871இல் தீப்பிடித்து ஒரு லட்சம் பேர் வீடிழந்த ஊர் அது. முப்பது வருஷத்துக்குள் ஆற்றைத் திருப்பும் அளவுக்கு எழுந்துவிட்டது.

வில்லிஸ் டவர் உச்சிக்கு மறுபடி ஏற வேண்டாம். வரிசையில் நின்றே ஒரு மத்தியானம் போய்விடும். கீழே இருந்து அண்ணாந்து பாருங்கள், அது போதும். 110 மாடி. அதைத் தாங்கும் கட்டமைப்பை வகுத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். அப்பா பொதுப்பணித்துறையில் சேர்ந்த காலத்திலிருந்தே அவர் பெயரைச் சொல்வார். ஒரு தென்னை ஈர்க்கு வளையும், ஒன்பது ஈர்க்கைச் சேர்த்துக் கட்டினால் நிற்கும், அதே மாதிரி ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டடம் அது என்று கொல்லையில் எனக்கு விளக்குமாற்றை வைத்துக் காட்டினார்.

மழை வந்தால் பூங்காவுக்கு எதிரே இருக்கும் கல்ச்சுரல் சென்டருக்குள் போய்விடுங்கள். 1897இல் நூலகமாகக் கட்டியது, கட்டணம் கிடையாது, மேலே வண்ணக் கண்ணாடிக் குவிமாடம். இன்னொரு மத்தியானம் பிரௌன் லைன் ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்புங்கள். கட்டடங்களின் இரண்டாம் மாடி ஜன்னலை உரசுகிற மாதிரி போகும். இந்தியக் கடைகள் இருக்கும் டெவான் அவென்யூவுக்குப் போக வேண்டாம். சேலையும் முறுக்கும் நான் இங்கிருந்து அனுப்பித் தருகிறேன்.

ஏரிக்கு ஒரு காலை நேரத்தைத் தனியாக ஒதுக்கு. கடல் மாதிரியே இருக்கும், அக்கரை தெரியாது, அலை அடிக்கும், ஆனால் உப்பு வாசனை இல்லை. கடலோரத்தில் பிறந்த நமக்கு அது விசித்திரமாக இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் நிம்மதியாக உட்கார எனக்கு முடிந்ததில்லை. அந்த ஏரிக்கரையில் உட்கார முடிந்தது. ஏரிக்காற்று குளிரும், காதை மூடும் தொப்பி எடுத்துக்கொள். மாப்பிள்ளை தொப்பி போட மாட்டார், அவருக்கும் சேர்த்து வை.

சாப்பாட்டுக்கு ஓடாதீர்கள். அந்த ஊரின் கனமான பீட்சா வெந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். போனைப் பையில் போட்டுவிட்டு அந்த முக்கால் மணி நேரமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுங்கள். இனியனைப் பற்றிப் பேச்சு வரும், வரட்டும். ஆனால் அதோடு நிற்காமல், நீ வேலையில் ஏன் இவ்வளவு சோர்ந்திருக்கிறாய் என்று அவரிடம் சொல். என்னிடம் சொன்னாயே, அதை அவரிடமும் சொல்.

இனியனைப் பற்றிய கவலைக்கும் பதில் வைத்திருக்கிறேன். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் டிசம்பர் வரை அங்கே இருக்கிறார்கள். நான் நேற்றே சம்பந்தியம்மாவிடம் பேசினேன். "நாங்க எதுக்கு இருக்கோம், போயிட்டு வரட்டும்" என்றார். அவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால் மேல் வீட்டுத் தமிழ்ப் பெண்ணிடம் அவசரத்துக்கு உதவி கேட்டு வை. குழந்தை டாக்டர் நம்பரையும் இன்சூரன்ஸ் கார்டு நகலையும் பிரிட்ஜில் ஒட்டு. நீங்கள் இல்லாதபோது அவர்கள் அவனை மருத்துவரிடம் காட்டலாம் என்று ஒரு சம்மதக் கடிதம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போ. கிளம்பும்போது அவனிடம் சொல்லாமல் நழுவாதே. எத்தனை ராத்திரி தூங்கி எழுந்தால் அம்மா வருவாள் என்று விரலை எண்ணிக் காட்டு. வீடியோவில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அவன் சாப்பிட்டு முடித்தபிறகு கூப்பிடு. அவன் ஏங்கினால் நான் இங்கிருந்து கதை சொல்கிறேன், நேரம் பார்க்காமல் என்னைக் கூப்பிடச் சொல்.

கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருஷா வருஷம் புடவைக்குப் பணம் அனுப்புவேன். இந்த வருஷம் ரயில் டிக்கெட்டுக்கு அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதை வாசித்துவிட்டு, ஒன்று மட்டும் சேர்த்து எழுதச் சொல்கிறார். அன்றைக்கு அரை மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்ற பதற்றத்தில் அவர் சிலைக்கு முன்னால் மட்டுமே நின்றுவிட்டு வந்துவிட்டாராம். பின்னால் சுற்றிப் போக முடிகிறதா என்று நீங்கள் இருவரும் பார்க்க வேண்டுமாம். முடிந்தால், முதுகுப் பக்கம் உளி எப்படி ஓடியிருக்கிறது என்று அவருக்கு வந்து சொல்ல வேண்டுமாம்.

டிக்கெட் எடுத்ததும் ஒரு செய்தி போடு.

அன்புடன்,
அம்மா