அந்த விளம்பரத்தையும் சேர்த்து போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பத்திரிகைல தென்னாப்பிரிக்கா தமிழ் அச்சு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு இடம் மட்டும் மனச உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் இந்த கடுதாசி. காந்தி இங்க தென்னாப்பிரிக்காவுல நடத்துன 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை 1912ல விளம்பரமே வேணாம்னு நிறுத்துனத பெரிய தியாகமா எழுதியிருக்காரு கட்டுரைக்காரர், சரி, ஆனா அதுக்கு முன்னாடி ஒம்பது வருஷம் அதுல வந்த விளம்பரங்கள பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் வேலூர் பக்கத்துக்காரன், டர்பன் வந்து 14 வருஷம் ஆச்சு, இங்க சாட்ஸ்வொர்த்துல இருக்கேன்.

இது ஏன் எனக்கு இவ்ளோ உறுத்துதுன்னா, போன நவம்பர் 16க்கு, அதாவது 1860ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேருந்து நம்மாளுங்கள இங்க கொண்டாந்து இறக்குன நாளுக்கு, ஒரு சங்கத்துல கண்காட்சி வச்சிருந்தாங்க. பழைய பேப்பர் பக்கங்கள பெருசாக்கி போர்டுல ஒட்டியிருந்தாங்க. கிட்ட போய் பாத்தா எல்லாத்துலயும் தலையங்கம், செய்தி மட்டும்தான், ஓரமெல்லாம் ஒரே சீரா வெட்டியிருக்கு. விளம்பரம் எங்க தம்பின்னு கேட்டேன். "அது வெறும் கடை விளம்பரம்தானே அண்ணா, இடம் பத்தல, எடுத்துட்டோம்"ன்னான். அவன சொல்லி என்ன, நாம எல்லாருமே பேப்பர அப்படித்தானே படிக்கிறோம்.

காந்தி ஏன் நிறுத்துனாருன்னு அவரே பின்னாடி எழுதியிருக்காரு. எந்த விளம்பரத்த ஏத்துக்கறது, எத திருப்பி அனுப்பறதுன்னு ஒரே தலைவலி, குடுக்கறது ஊர் பெரிய மனுஷன்னா வேணாம்னு சொல்லவும் முடியாது, விளம்பரம் கேட்டு அலையவும் பாக்கி வசூல் பண்ணவும் நல்ல ஆளுங்க வேற போவணும். இதெல்லாம் கடை வச்சவன் யாருக்கும் தெரிஞ்ச கஷ்டம்தான். பத்திரிகைக்கு அவர் பண்ணது சரி, நான் தப்பு சொல்லல. ஆனா இன்னிக்கு பாக்கற நமக்கு அது நஷ்டம் சார். தலையங்கத்துல வர்றவங்க தலைவருங்க, அவங்கள பத்தி நாலு எடத்துல தேடுனா கெடைக்கும், விளம்பர மூலையில இருக்கற சின்ன கடைக்காரன் வேற எங்க இருப்பான்?

அந்தக் காலத்துல நேட்டால்ல, அதான் இந்த டர்பன் இருக்கற பகுதில, நம்மாளு ஒரு கடை போடறதே லேசுப்பட்ட காரியமில்ல. 1897ல ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, லைசென்ஸ் குடுக்கற அதிகாரி வச்சதுதான் சட்டம், கணக்கு புக்க இங்கிலீஷ்ல எழுதலன்னா லைசென்ஸ் இல்ல, கடை சுத்தமா இல்லன்னு அவர் சொன்னாலும் இல்ல, சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போவவும் வழி கெடையாது. பெரிய கடைங்க பெரும்பாலும் குஜராத்திக்காரங்களோடது. கரும்பு தோட்டத்துல ஒப்பந்தம் முடிஞ்சு வெளிய வந்த தமிழன் தலைக்கு வருஷம் மூணு பவுண்டு வரி வேற கட்டணும்னு 1895ல போட்ட சட்டம். இதையெல்லாம் தாண்டி ஒருத்தன் ஒரு போர்டு மாட்டி, நாலு காசு குடுத்து பேப்பர்ல ஒரு பொட்டி விளம்பரம் போட்டான்னா, நான் இங்க கடை வச்சிருக்கேன், இருப்பேன்னு அவன் ஊருக்கே சொன்ன மாதிரி இல்லையா.

அதுக்கும் வழியில்லாதவனுக்கு வாய்தான் விளம்பரம். தோள்ல காவடி மாதிரி கழிய போட்டு, ரெண்டு பக்கமும் கூடைல காய்கறி பழம் தூக்கிக்கிட்டு வெள்ளக்காரங்க வீட்டு வாசல்ல நின்னு கூவுவாங்க. ராமசாமியோ முத்துசாமியோ, அந்த வீட்டம்மாக்களுக்கு எல்லாருமே 'சாமி'தான். மரியாதைக்கு சொன்ன சாமி இல்ல அது, பேர கேக்க சோம்பேறித்தனம்.

தமிழ்ல அச்சடிக்கறது என்ன பாடுன்னும் அந்த மாதிரி விளம்பரத்துலதான் தெரியும். 1903 ஜூன்ல நாலு மொழில ஆரம்பிச்ச 'இந்தியன் ஒப்பீனியன்', அடுத்த வருஷம் டர்பன் பக்கத்துல காந்தி அமைச்ச பீனிக்ஸ் பண்ணைக்கு போச்சு, மொத ராத்திரியே எஞ்சின் மக்கர் பண்ணி, சக்கரத்த கையால சுத்தறதுக்கு தூங்கிட்டிருந்த தச்சு ஆளுங்களையெல்லாம் எழுப்புனாங்களாம். தமிழ் பகுதி 1906லயே நின்னுடுச்சு, ஆளு கெடைக்கல. அப்புறம் 1908ல பி.எஸ். அய்யர் 'ஆப்பிரிக்கன் குரோனிக்கிள்'னு இங்கிலீஷும் தமிழுமா ஆரம்பிச்சாரு, அது தனி கதை, அந்தாளுக்கும் காந்திக்கும் பின்னாடி ஆவாது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். எங்க தெருவுல ஒரு ஆயா இருக்காங்க, 84 வயசு, சின்ன வயசுல மேகசின் பாரக்ஸ்ல, அதான் டர்பன் முனிசிபாலிட்டில வேலை பாத்த நம்மாளுங்க குடியிருந்த எடத்துல, இருந்த குடும்பம், அங்கேருந்து எல்லாரையும் காலி பண்ணி இங்க சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினப்ப கூடவே வந்த தகர பொட்டி ஒண்ணு வச்சிருக்காங்க. தமிழ் பேசுவாங்க, படிக்க தெரியாது. அந்த பொட்டிக்குள்ள அடில ஒட்டியிருக்கற பேப்பர்ல பாதி கிழிஞ்ச ஒரு விளம்பரம். தேதி, பேப்பர் பேரு எல்லாம் போயிடுச்சு. மேல இங்கிலீஷ்ல கடை பேரு, அதுவும் பாதிதான். கீழ தமிழ்ல, கப்பல்ல புது சரக்கு வந்திருக்கு, சேலை வேட்டி பித்தள பாத்திரம் சகாய விலை, வெளியூர்க்காரங்க கடுதாசி போட்டா தபால்ல அனுப்புவோம்னு. 'லை'யெல்லாம் அந்த பழைய துதிக்கை வச்ச எழுத்து, 1978க்கு முன்னாடி நாம படிச்சது. அதுல 'வேண்டும்'ங்கற வார்த்தைல வர்ற 'ண்' மட்டும் மத்த எழுத்தவிட ரெண்டு மடங்கு பெருசு. எழுத்து தீந்துபோய் தலைப்புக்கு வச்சிருந்த அச்ச எடுத்து சொருகியிருக்கான் போல. நான் படிச்சு காட்டுனேன், ஆயா கேட்டுட்டு, "அப்போ சேலை என்ன வெல போட்டிருக்கான்?"ன்னாங்க. வெல போடல ஆயா, சகாயம்னு மட்டும்தான் இருக்குன்னேன். "எல்லா கடக்காரனும் அதான் சொல்வான்"ன்னு சிரிச்சாங்க.

இன்னிக்கும் இங்க விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுல மசாலா கடைங்கள்ல 'மாமியார ஒழிக்கிற மசாலா'ன்னு இங்கிலீஷ்ல போர்டு வச்சு சிவப்பா மலை மாதிரி குவிச்சு வச்சிருப்பான், டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுப்பான். ஆயிரம் பேரு எடுக்கறான், அதனால அது பொழச்சுக்கும்.

அந்த பேப்பர மெதுவா பிரிச்சு எடுத்துக்கட்டுமான்னு ஆயாகிட்ட கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க, எடுத்தா சேலைல துரு புடிக்குமாம். சரின்னு பொட்டிய வெளிச்சத்துக்கு இழுத்து போட்டு போன்லயே படம் எடுத்துக்கிட்டேன், அந்த பெரிய 'ண்' கூட நல்லா தெரியுது. வேணும்னா அனுப்பறேன் சார், ஆனா போடறதா இருந்தா ஓரத்த வெட்டாம போடுங்க.

இப்படிக்கு
வேலூர்க்காரன், சாட்ஸ்வொர்த், டர்பன்