முத்தத்தில் கரி ஒட்டியதா?

அன்புள்ள பெர்ட் வில்லியம்ஸ் ஐயா,

நேற்று ராத்திரி உங்கள் சீட்டாட்டத்தைப் பார்த்தேன். அமெரிக்க மேடையைச் சிரிக்கவைத்த நீங்கள் நடித்து 1916இல் எடுத்த ஊமைப்படம். சிறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரே ஆள் இல்லை, கையில் சீட்டும் இல்லை. இல்லாத கட்டைக் கலைத்துப் போட்டு, ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொள்கிறீர்கள். கடைசியில் தோற்றும் போகிறீர்கள். இரண்டு தடவை பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை.

ஆனால் அந்த முகம்! எங்கள் ஊரில் 'முகத்தில் கரி பூசிவிட்டான்' என்றால் மானத்தை வாங்கிவிட்டான் என்று அர்த்தம். நீங்களோ கார்க்கைச் சுட்ட கரியைத் தினமும் உங்கள் கையாலேயே பூசிக்கொண்டீர்கள். நீங்களும் கறுப்பர்தான், ஆனால் பஹாமாஸில் பிறந்த உங்கள் நிறம் மேடை கேட்ட கறுப்புக்குப் போதவில்லை. வெள்ளைக்காரர்கள் கறுப்பர் வேஷம் கட்டிச் சம்பாதித்த காலம் அது. நீங்களும் உங்கள் மேடைக் கூட்டாளி ஜார்ஜ் வாக்கரும் 'நாங்கள்தான் அசல்' என்று விளம்பரம் செய்தீர்கள். அசலுக்கும் கரி வேண்டியிருந்தது, பாருங்கள்.

1903இல் 'இன் டஹோமி'. கறுப்பர்களே எழுதி, இசையமைத்து, நடித்த முழுநீள இசை நாடகம் நியூயார்க்கின் நாடகப் பேட்டையான பிராட்வேயின் பெரிய அரங்கில் ஏறியது அதுதான் முதல்முறை. இசை வில் மேரியன் குக், பாடல்கள் பால் லாரன்ஸ் டன்பர். பார்க்க வந்த கறுப்பர்களுக்கு மட்டும் மாடியில்தான் இடம். அதே வருஷம் லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஆடிக் காட்டினீர்கள்.

அப்புறம் வாக்கர் படுத்த படுக்கையானார், 1911இல் போய்விட்டார். நீங்கள் 1910 முதல் ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற பிராட்வே ஆடல்பாடல் நிகழ்ச்சியில் வெள்ளைக்கார நடிகர்கள் நடுவே ஒற்றை ஆளாக நின்றீர்கள்.

சிரிக்கவைக்கலாம், காதலிக்கத்தான் கூடாது. கறுப்பர் இருவர் மேடையில் மனசாரக் காதலித்தால் வெள்ளைக்கார ஜனம் பொறுக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். 1921இல் 'ஷஃபிள் அலாங்' என்ற கறுப்பர்களின் இசை நாடகம் அரங்கேறியபோது, காதல் பாட்டு வந்ததும் அதை உருவாக்கிய நால்வரில் மூன்று பேர் ஓடத் தயாராக வாசல் பக்கம் நின்றார்களாம். பாவம், பியானோவில் மாட்டிக்கொண்டவர் நாலாமவரான இசையமைப்பாளர் யூபி பிளேக். ஒன்றும் நடக்கவில்லை. பாட்டை இன்னொரு தடவை கேட்டார்கள். நாடகம் ஏறத்தாழ 500 காட்சிக்கு ஓடியது. அதிலும் கோமாளிகள் இருவருக்கும் கரிதான், அது வேறு கதை. அது ஓடிக்கொண்டிருந்தபோதே, 1922 மார்ச்சில், 47 வயதில் நீங்கள் இறந்துபோனீர்கள்.

அவர்கள் வாசலில் நடுங்கி நின்றதற்கு எட்டு வருஷம் முன்பே, 1913இல், நீங்கள் கேமரா முன்னால் ஒடெஸ்ஸா வாரன் கிரேயை முத்தமிட்டுவிட்டீர்கள். படத்தை யாரும் முடிக்கவில்லை. சுருள்கள் பெட்டிக்குள் கிடந்து, 2014இல்தான் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைக்கு வந்தன. அந்தப் படத்தில் நடித்த கறுப்பர் கூட்டத்தில் கரி பூசியவர் நீங்கள் ஒருவர்தான்.

முத்தம் முடிந்ததும் அந்தப் பெண்ணின் முகத்தில் கரி ஒட்டியிருக்கிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தெரியவில்லை ஐயா, சுருள் பழசு.

இப்படிக்கு,
உங்கள் தாமதமான ரசிகன்