வெயில் இல்லீங்கப்பா, பெயிலு: ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

போன வாரம் ரிசல்ட் வந்தது. பி.எஸ்சி. நர்சிங், நாலு வருஷம், எட்டு செமஸ்டர், முடிந்தது. இனி நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். (பதிவுபெற்ற நர்ஸ், பதிவுபெற்ற மிட்வைஃப்) என்று போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு ராத்திரி ஒரு பழைய ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில், யார் யாருக்கு நன்றி சொல்லோணும் என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. போனில் கூப்பிட்டுச் சொன்னால் பாதிப் பேர் "அட போ அம்மிணி, வேலையைப் பாரு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பல்லடத்துக்குத் தெற்கே. அப்பா தறிக்குடோனில், அதாவது விசைத்தறிக் கூடத்தில், கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மா அதே குடோனில் தார் (தறியில் குறுக்கே ஓடும் நூல் சுற்றிய குச்சி) சுற்றுகிறார். நான் கொரோனா பேட்ச். 2020இல் பத்தாவது தேர்வு ரத்தாகி எல்லாரும் பாஸ். அடுத்த வருஷம் பதினொன்றாவதும் அப்படியே. ஆக, நான் எழுதிய முதல் பொதுத்தேர்வே 2022 மே மாதம் எழுதிய பன்னிரண்டாவதுதான். "சும்மா பாஸான செட்டு" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் உண்மையும் இருந்தது என்று காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

முதல் நன்றி பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கு. அண்ணா, நர்சிங் கவுன்சிலிங்குக்கு நீட் வேண்டாம், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மார்க்கை வைத்துத்தான் ரேங்க் என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜாதிச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல் ஒன்று, ஆதாரில் ஒன்று. நீங்கள் மட்டும் அன்றைக்குக் கவனிக்காமல் விட்டிருந்தால் சர்டிபிகேட் சரிபார்க்கும்போது நான் அழுதுகொண்டு நின்றிருப்பேன். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு மனுப் போடச் சொன்னதும் நீங்கள்தான். "வீட்டுல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?" என்று கேட்டீர்கள். டிகிரி என்றால் காய்ச்சல் பார்க்கிறதுதானே என்று என் ஆத்தா (பாட்டி) கேட்டதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்த ஆத்தாவுக்கும் நன்றி. சீட் கிடைத்த சேதி கேட்டு வந்த ஒரு சொந்தம், "நர்சுக்கா? ராத்திரி வேலை, எவன் கட்டுவான்?" என்றது. "நீ இடுப்பொடிஞ்சு படுத்தீன்னா ராத்திரியில யாரு வந்து பாக்கோணும்? பகல்லயே உழுந்துக்குவியா?" என்று கேட்டு அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டது ஆத்தா.

அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து முதல் வருஷப் பணத்தைக் கட்டினார். எவ்வளவு தள்ளினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. நான் சேர்ந்த அதே 2022இல்தான், செப்டம்பர் 5ஆம் தேதி, புதுமைப்பெண் திட்டமும் ஆரம்பித்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், நாப்கின் எல்லாம் அதில்தான். அரசாங்கத்துக்கெல்லாமா நன்றி சொல்லுவாய் என்று தோழி கேட்கிறாள். மாசக் கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டுக் காசு கேட்காமல் இருந்த நாற்பத்துச் சொச்ச மாதம் எனக்குத் தெரியும். சொல்லுவேன்.

இனி கஷ்டமான பகுதி.

காலையில் ஐந்தரைக்கு எழுந்து, யூனிபார்ம் இஸ்திரி கலையாமல் வண்டி ஏறி, ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும். மதியம் வரை நின்றுவிட்டு வந்து சாயங்காலம் வரை கிளாஸ். ராத்திரி, நோயாளியை எப்படிக் கவனிப்பது என்கிற கேர் பிளான் எழுத வேண்டும். இதெல்லாம் உடம்புக்குத்தான் அலுப்பு. என்னை உடைத்தது இங்கிலீஷ். பயாலஜியைத் தமிழில் படித்தவள் நான். "சிறுநீரகம்" என்றால் படம் போட்டுப் பாகம் குறிப்பேன். அதையே இங்கிலீஷில் கேட்டால் வாய் திறக்காது. ஒரு நாள் ஒருவர் நோயாளிகள் முன்னாலேயே, "தமிழ் மீடியம்னா இங்க எதுக்கு வந்தே?" என்று கேட்டார். அவர் யார் என்று எழுதப் போவதில்லை. நன்றிப் பட்டியலில் இடம் குறைவு.

முதல் செமஸ்டர், அனாடமி பிசியாலஜி பேப்பரில் 46. பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ். நர்சிங்கில் 50.

அப்பா, இது நான் உங்களிடம் இதுவரை சொல்லாதது. அன்றைக்கு மதியம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "பெயிலுங்கப்பா" என்றேன். இருபத்தி நாலு தறி ஒட்டுக்கா ஓடுகிற சத்தத்தில் முப்பது வருஷம் நின்ற காது உங்களுடையது. "வெயிலா? இங்கயும் அப்படித்தான் சாமி. மோர் வாங்கிக் குடி, நிழல்ல உக்காரு" என்றீர்கள். மறுபடியும் சொன்னேன். "ஆமா ஆமா, இந்த வருஷம் எச்சுத்தான்" என்றீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்கு மேல் சொல்ல மனசு வரவில்லை. கீழே இறங்கிப் போய் நிஜமாகவே மோர் வாங்கிக் குடித்தேன்.

அன்று நான் சொன்னது வெயில் இல்லீங்கப்பா. பெயிலு. வீடியோ காலில் பேசியிருந்தால் மாட்டியிருப்பேன். "பெ" சொன்னால் உதடு ஒட்டும், "வெ" சொன்னால் ஒட்டாது, உதட்டைப் பார்த்தே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். காலேஜிலிருந்து போன மெசேஜ் அம்மா போனுக்குத்தான் வந்தது. அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அம்மாவுக்குத் தனி நன்றி.

பெட்டி கட்டிவிட்டேன். அப்போது வந்தவர்தான் மூன்றாம் வருஷம் படித்த திருச்செங்கோட்டு அக்கா. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "மருந்துப் பேரு, நோய்ப் பேரு எதையும் முழுசா மனப்பாடம் பண்ணாதே. வாலைப் பாரு" என்றார். கடைசியில் ஐடிஸ் என்று வந்தால் அழற்சி. எக்டமி என்று வந்தால் வெட்டி எடுத்தாயிற்று. ஆஸ்டமி என்றால் துளை போட்டு வழி வைத்திருக்கிறது. ஈமியா என்றால் ரத்தத்தில் ஏதோ. "தலைக்கு நெஃப்ரோ, ஹெபட்டோ, கேஸ்ட்ரோ. கிட்னி, ஈரல், இரைப்பை. அவ்வளவுதான் அம்மிணி, தலையையும் வாலையும் பிணைக்கத் தெரிஞ்சா போதும்." பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைக்கிற வீட்டுப் பெண்ணிடம் அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றும் தெரியவில்லை. ஒரே வாரத்தில் புத்தகம் பாதிப் பயம் காட்டுவதை நிறுத்திவிட்டது.

ரூம் தோழி தாளவாடிக்காரி. அவள் இடது கையை மாசக்கணக்கில் எனக்குக் கொடுத்து வைத்திருந்தாள். மணிக்கட்டில் எட்டு எலும்பு. பால்பாயிண்ட் பேனாவில் அவள் தோல்மேல் எழுதி எழுதித்தான் படித்தேன். மெஸ்ஸில் அவள் சோறு பிசையும்போது எலும்புப் பெயர் எல்லாம் ரசத்தில் கரையும். அடுத்த தடவை எழுதியதில் அனாடமி பாஸ். அந்தக் கைக்கு ஒரு வளையல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், மறக்கவில்லை.

வார்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் புத்தகம் பார்க்காதவர்கள்தான் அதிகம். ஆண்கள் மெடிக்கல் வார்டு ஆயாம்மா, உங்களைத்தான் சொல்கிறேன். எண்பது கிலோ மனுஷனைப் புரட்டிப் படுக்க வைக்க நாங்கள் மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். நீங்கள் பெட்ஷீட்டைக் குறுக்கே மடித்து இடுப்புக்கு அடியில் விட்டு, "முதுவ வளைக்காத கண்ணு, முட்டிய மடக்கு, இப்ப இழு" என்றீர்கள். அவர் தானாகவே திரும்பின மாதிரி இருந்தது. இன்றுவரை எனக்கு இடுப்பு வலி இல்லை.

மெடிக்கல் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், நீங்கள் ஒரு நாள் திடீரென்று, "500 மில்லி டிரிப்பு, நாலு மணி நேரத்துல போகணும், மில்லிக்கு 20 சொட்டு செட்டு. நிமிஷத்துக்கு எத்தனை?" என்று கேட்டீர்கள். 42 என்றேன். யோசிக்கவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டீர்கள். சிஸ்டர், எங்கள் வீட்டு வாரக்கூலிக் கணக்கை, மீட்டருக்கு இவ்வளவு பைசா என்று, பத்து வயசிலிருந்து நான்தான் போடுகிறேன். அன்றையிலிருந்து நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். முதல் தடவையாக அந்த வார்டில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

கிணத்துக்கடவிலிருந்து நோயாளியாக வந்த அப்பாருக்கு (தாத்தாவுக்கு) ஒரு பெரிய கும்பிடு. என் முதல் வென்ஃப்ளான், அதாவது டிரிப் ஏற்றக் கையில் செருகுகிற குழாய் ஊசி, அவர் கையில்தான். சுருங்கின கை, நழுவுகிற ரத்தக்குழாய். மேடம் பின்னால் நிற்க, 22ஆம் நம்பர் நீல ஊசியைச் செருகினேன். ரத்தம் எட்டிப் பார்க்கவில்லை. வீங்கிவிட்டது. எடுத்துப் பஞ்சு வைத்து அழுத்தும்போது என் கைதான் நடுங்கியது. மேடம் வேறு ஆளைக் கூப்பிடப் போனார். அப்பாரு மற்ற கையை நீட்டினார். "இந்தப் புள்ளையே இன்னொருக்கா குத்தட்டும். இன்னைக்கு உட்டா இதுக்குப் பயம் உக்காந்துக்கும்." இரண்டாவது முறை ரத்தம் வந்தது. "தென்னை மரத்துல மொத தடவை ஏறுனப்ப நானும் பாதியில எறங்கிட்டேன்" என்றார். அவர் டிஸ்சார்ஜ் ஆன அன்று எனக்கு லீவு. இதைப் படிக்க அவருக்கு எழுத்துத் தெரியுமோ என்னவோ. யாராவது வாசித்துக் காட்டினால் சரி.

கேஷுவால்டியில் இருந்த ஆண் நர்ஸ் அண்ணனையும் மறக்கக் கூடாது. அன்னூர்ப் பக்கம் வாழைத்தோப்பில் பாம்பு கடித்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். என்ன பாம்பு என்று யாருக்கும் தெரியவில்லை. கூட வந்தவர்கள் சத்தம் போட, நீங்கள் ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, "இருபது நிமிஷம். ஆட்டாதே, தொடாதே, கடிகாரத்தைப் பாரு" என்று என்னை அங்கேயே நிறுத்தினீர்கள். குழாய் புதுசாக, காய்ந்து இருக்கவேண்டும், சோப்பு போட்டுக் கழுவினது ஆகாது என்று சொன்னதும் நீங்கள்தான். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது ஒரு மனுஷனுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான இருபது நிமிஷம் அது.

பிரசவ வார்டைப் பற்றி ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அங்கே என்னைத் திட்டினவர்கள் எல்லாரும் சரியாகத்தான் திட்டினார்கள். நன்றி.

கடைசி வருஷம் ஐ.சி.யூ. போஸ்டிங். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்த ஒரு பெரியவர், கையைக் காலை அடித்துக்கொண்டே இருந்தார். குழாய் இருப்பதால் குரல் வராது. உதடு மட்டும் அசைகிறது. கையைக் கட்டலாமா, தூக்க மருந்து கேட்கலாமா என்று பேச்சு நடந்தது. நான் முகத்துக்கு நேரே போய் நின்று உதட்டைப் பார்த்தேன். இரண்டாவது தடவையில் புரிந்துவிட்டது. "முதுகு. முதுகுல குத்துது." புரட்டிப் பார்த்தால் ஈ.சி.ஜி. ஒயரின் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று முதுகுக்கு அடியில் மாட்டி, தோல் சிவந்து பதிந்து கிடந்தது. எடுத்துவிட்டோம். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார்.

உதட்டைப் படிக்க எங்கே கற்றாய் என்று டியூட்டி டாக்டர் கேட்டார். தறிக்குடோனில் என்றேன். அவர் ஏதோ டிரெயினிங் சென்டர் பெயர் என்று நினைத்துக்கொண்டார். அப்பா, சோறு கொண்டுவரும்போது வாசலில் நின்று நீங்களும் அம்மாவும் சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. நாலு வருஷத்தில் எந்த மேடமும் நடத்தாத பாடம்.

இன்னொன்றும் படித்தேன். 85 டெசிபலுக்கு மேல் தினமும் எட்டு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தால் உள்காதில் இருக்கிற நுண்ணிய முடிச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். செத்தது திரும்ப முளைக்காது. தறிக்குடோன் சத்தம் அந்த அளவைத் தாண்டும். முதலில் போவது கீச்சுக் குரல்தான். அதனால்தான் உங்களுக்கு அம்மா பேசுவது கேட்பதில்லை, பெரியப்பா பேசுவது கேட்கிறது. நீங்கள் வேண்டுமென்றே செய்வதாக அம்மா இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறார், அவரிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

மிச்சம் இருக்கிற கேட்கும் சக்தியையாவது காப்பாற்றலாம். காதுக்கு வைக்கிற நுரை அடைப்பான் பத்து ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், குடோனில் மற்ற மாமாக்களுக்கும் சேர்த்து. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வருகிற செவ்வாய்க்கிழமை காது மூக்கு தொண்டை ஓ.பி.யில் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற சோதனை, எடுக்கச் சொல்லிவிட்டேன். "எனக்கென்ன கேக்காம?" என்று ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு ஷிப்டு மாற்றிக்கொள்ளுங்கள். காத்தால ஏழு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள், கோவை காந்திபுரத்தில் நான் நிற்பேன்.

உங்கள் எல்லாருக்கும் கடன்பட்ட,
தறிக்காரர் மகள்