பொங்கல் தேதி எல்லாருக்கும் தெரியும், ஆர்டர் தேதி மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

வேலைவாய்ப்பு பத்தி நீங்க எழுதின தலையங்கம் படிச்சேன். முதலீட்டாளர் மாநாடு, ஒப்பந்தம், கோடி கோடியா பணம்னு நல்லாத்தான் இருந்துச்சு. 2024 ஜனவரியில சென்னையில நடந்த மாநாட்டுல 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு கையெழுத்தாச்சு, நேரடியாவும் மறைமுகமாவும் சேத்தி 26.90 லட்சம் பேருக்கு வேலைன்னாங்க, வரட்டுமுங்க, யாரு வேண்டாங்கறா. ஆனா ஊர்ல ஏற்கனவே இருக்கற வேலையை வருஷம் பூரா நிக்காம ஓட்டறதும் ஒரு வேலைவாய்ப்புக் கொள்கைதானே, அதப்பத்தி ஒரு வரி காணோம். பொங்கலுக்கு அரசாங்கம் குடுக்கற இலவச வேட்டி சேலைய நெய்யற ஆர்டர் வருஷா வருஷம் லேட்டாகுதே, அதப்பத்தித்தான் இந்த லெட்டர்.

நான் நாமக்கல் ஜில்லா குமாரபாளையத்துல தறி சாமான் கடை வச்சிருக்கேன். ஊடை நூல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொண்டு போற நாடா, அந்த நாடாவ அடிச்சு தள்ளற பிக்கர், நூல் சுத்தற பாபின், பெல்ட்டு இந்த மாதிரி. தறி ஓடினாத்தான் பிக்கர் தேயும், தேஞ்சாத்தான் வாங்க வருவாங்க, அதனால ஊரு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க எனக்கு எந்த புள்ளிவிவரமும் தேவைப்படாது, சாயந்திரம் கல்லாப்பெட்டிய பாத்தா போதும். இலவச வேட்டி சேலை ஆர்டர் வந்த மாசம் கடையில நிக்க எடமிருக்காது. ஆர்டர் வரலைன்னா பழைய நாடாவையே தேச்சு சரி பண்ணித் தர முடியுமான்னு கேட்டுட்டு வருவாங்க, கடன் நோட்டு மட்டும் தடிமனாகும்.

அந்த திட்டம் 1983ல எம்.ஜி.ஆர். ஆட்சியில ஆரம்பிச்சது. ஏழைங்களுக்கு பொங்கலுக்கு துணி குடுக்கணும், அத நெசவாளர் கூட்டுறவு சங்கங்க மூலமா நெய்ய வச்சு அவங்களுக்கும் வேலை குடுக்கணும், ஒரே செலவுல ரெண்டு காரியம். ஆட்சி எத்தனையோ தடவை மாறியும் யாரும் கை வைக்காத திட்டங்கள்ல இது ஒண்ணு. சமீப வருஷங்கள்ல ஒண்ணே முக்கால் கோடிக்கு மேல சேலை, அதே அளவுக்கு வேட்டி. ஈரோடு, நாமக்கல் ஜில்லாவுல விசைத்தறி சங்கத்துல இருக்கறவங்களுக்கு இது பல மாச சோறு. இலவசம் எதுக்குன்னு டிவியில பேசறவங்க அந்த துணி எந்த ஊர்ல யாரு தறியில ஓடுச்சுன்னு ஒரு தடவையாச்சும் கேட்டதுண்டா? ஒரு சேலைக்கு பின்னாடி பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஓட்டறவங்க, குறுக்கு நூல தார்க்குச்சியில சுத்தற பொம்பளைங்க, தறி ஓட்டறவங்க, துணி மடிக்கறவங்க, லோடு ஏத்தறவங்க, அவங்களுக்கெல்லாம் டீ போடற கடைக்காரர் வரைக்கும் இருக்காங்க. நானும் இருக்கேன்.

இப்ப பிரச்சினைக்கு வர்றேன். பொங்கல் தை 1ஆம் தேதிதான் வரும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். எத்தனை ரேஷன் கார்டுக்கு குடுக்கணும்னு அரசாங்கத்து கம்ப்யூட்டர்லயே இருக்கு. அப்புறம் ஏனுங்க அரசாணை லேட்டு, நூல் டெண்டர் லேட்டு, டெண்டர் முடிஞ்சும் நூல் சங்கத்துக்கு வந்து சேர லேட்டு? சித்திரையில பாவு ஏத்தினா நிதானமா நெய்யற துணிய ஆடி, ஆவணிக்கு மேல ஆரம்பிச்சு ராத்திரி பகலா அடிச்சு தள்ள வேண்டியிருக்கு. அவசரத்துல நெய்யற துணி எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா, தரம் சரியில்லைன்னு திருப்பி அனுப்பினா நட்டம் யாரு தலையில விழும்னும் சொல்லணுமா. இத்தனைக்கும் சில வருஷம் பொங்கல் முடிஞ்சப்புறம்தான் துணி ரேஷன் கடைக்கே வந்து சேந்துச்சு.

இன்னொரு பக்கம் பாருங்க. ஆர்டர் இல்லாத மாசத்துல தறி ஓட்டற ஆளு என்ன பண்ணுவான்? ஓனர்கிட்ட முன்பணம் வாங்குவான். இங்க முன்பணம்ங்கறது சாதாரண கடன் இல்லீங்க, அத அடைக்கற வரைக்கும் வேற தறிக்கூடத்துக்கு போக முடியாது, கூலி கம்மின்னு வாயத் திறக்கவும் முடியாது. அது பத்தலைன்னா வீட்டுக்காரம்மா பேர்ல வாரக்கடன், குழுக்கடன். அந்தக் கடன அடைக்க இன்னொரு கடன். 2025ல பள்ளிபாளையம் பக்கம் தறித் தொழிலாளிங்கள புரோக்கருங்க வளைச்சு கிட்னி விக்க வச்ச விவகாரம் எல்லா பேப்பர்லயும் நாறுச்சே, ஞாபகம் இருக்கும். புரோக்கர பிடிக்கணும், ஆஸ்பத்திரிய விசாரிக்கணும், எல்லாம் சரி. ஆனா அந்த ஜனங்க ஏன் அந்த நெலமைக்கு வந்தாங்கன்னு கேட்டா அதுக்கு பதில் போலீஸ் ஸ்டேஷன்ல இல்ல, வருஷத்துல எத்தனை மாசம் தறி நின்னுச்சுங்கற கணக்குல இருக்கு.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல மாட்டேன். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட்டா இருந்த இலவச கரண்ட்ட 2023ல 1000 யூனிட் ஆக்கினாங்க, கைத்தறிக்கு 200ல இருந்து 300. நல்ல காரியம், நன்றி. ஆனா தறி ஓடினாத்தானே யூனிட்டு, நிக்கற தறிக்கு ஆயிரம் குடுத்தா என்ன, பத்தாயிரம் குடுத்தா என்ன?

புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கு மாவட்ட தொழில் மையத்துல மானியக் கடன் இருக்கு, மாநிலத்து திட்டமும் இருக்கு, மத்திய அரசோட பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமும் இருக்கு, அதுல கிராமப்புறத்துல பொம்பளைங்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி.க்கும் 35 சதவீதம் வரைக்கும் மானியம். பத்து லட்சம் வரைக்கும் சிறு தொழில் கடனுக்கு சொத்து அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2010லயே சொல்லியாச்சு. பேங்க் மேனேஜர் முன்னாடி உக்காந்து பாத்தாத்தான் தெரியும் அந்த உத்தரவுக்கு எவ்வளவு மரியாதைன்னு, அத விடுங்க. என் கேள்வி வேற. கடன் குடுத்து தறி போட வைக்கறீங்க, நெய்த துணிய யாரு வாங்குவாங்க? வாங்க ஆளில்லாத ஊர்ல மானியம் குடுக்கறது தண்ணியில்லாத கெணத்துக்கு மோட்டார் மாட்டற கதைதான். நம்ம ஊர்ல பெரிய வாடிக்கையாளர் யாருன்னு பாத்தா அது அரசாங்கம்தானுங்க. வேட்டி சேலை, சத்துணவு சாப்பிடற பிள்ளைங்களுக்கு எட்டாவது வரைக்கும் வருஷத்துக்கு நாலு செட் யூனிபார்ம், அதுபோக ஆஸ்பத்திரி பெட்ஷீட், ஹாஸ்டல் போர்வை. மத்திய அரசு இலாகாக்களும் பொதுத்துறை கம்பெனிகளும் தங்க கொள்முதல்ல 25 சதவீதம் குறு, சிறு தொழில்கிட்ட வாங்கணும்னு விதியே இருக்கு. வாங்கற காச கொஞ்சம் திட்டம் போட்டு வாங்கினாலே போதும், தனியா ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் தேவையில்ல.

யூனிபார்ம் தைக்கற மகளிர் தையல் சங்கத்து பெண்களுக்கும் இதே கதைதான். ஸ்கூல் தொறக்கறது ஜூன்லன்னு தெரியும், வெட்டின துணி முன்னாடியே கைக்கு வந்தா வீட்ல குழந்தைங்கள பாத்துக்கிட்டே தச்சு முடிச்சிருவாங்க, கடைசி நேரத்துல மூட்டை மூட்டையா வந்தா கண்ணு போயிருது, கூலியும் உடனே வர்றதில்ல.

விருதுநகர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்துல 1,052 ஏக்கர்ல பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா வருதுன்னு படிச்சேன். வரட்டும். ஆனா அங்க போய் வேலை பாக்க எங்க ஊர் அம்பது வயசு தறிக்காரரால முடியாதுங்க, அவருக்கு வேலை அவரு வீட்டுக்கு பின்னாடி இருக்கற தறிக் கொட்டகையிலதான் வேணும்.

என்ன பண்ணலாம்னு கேட்டா, பெருசா ஒண்ணுமில்ல. பட்ஜெட் போடறப்பவே அடுத்த பொங்கலுக்கான வேட்டி சேலைக்கு ஆர்டர் போடணும். நூல் டெண்டர் பங்குனிக்குள்ள முடியணும். சங்கத்துக்கு வர வேண்டிய கூலிப் பாக்கிய இத்தனை நாளைக்குள்ளன்னு கெடு வச்சு குடுக்கணும். சின்ன கம்பெனிகிட்ட சரக்கு வாங்கினா 45 நாளைக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006லயே சட்டம் போட்டாங்க, குடுக்காம வச்சிருந்தா வருமான வரியில அந்தச் செலவ அந்த வருஷம் கழிக்க முடியாதுன்னு 2024ல இருந்து வியாபாரிங்கள நெருக்கறாங்க. அதே அவசரம் அரசாங்கத்துக்கும் இருக்கட்டுமே. பாதி வேலைய கோடையிலயும் பாதிய மழைக்காலத்துலயும் பிரிச்சு விட்டா நடுவுல தறி நிக்காது, வெளி மார்க்கெட் மந்தமா இருக்கறப்ப இது தாங்கும்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்கறேன். தினமும் தங்கம் விலை போடறீங்க, முட்டை விலை போடறீங்க. வருஷா வருஷம் சித்திரையில இருந்து வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன கட்டம் கட்டி, வேட்டி சேலைக்கு அரசாணை வந்துச்சா, நூல் டெண்டர் முடிஞ்சுச்சா, சங்கத்துக்கு நூல் வந்துச்சா, கூலி பாக்கி எவ்வளவுன்னு போடுங்க. ஈரோடு பதிப்புல மட்டும் போட்டா பத்தாது, கோட்டையில இருக்கறவங்க படிக்கற சென்னைப் பதிப்புலயும் போடணும்.

இப்படிக்கு,
தறி சாமான் கடைக்காரர், குமாரபாளையம்