விண்டோஸ் என்று பொய் சொன்னால்தான் உங்கள் வீடியோ ஒழுங்காக ஓடுமா?

வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தின் நேரலையும் படங்களும் என் லினக்ஸ் கணினியில் ஒழுங்காக ஓடாதது பற்றி நான் உங்களுக்கு அனுப்பும் நான்காவது புகார் இது. முதல் மூன்றுக்கும் வந்த பதில் எழுத்து மாறாமல் ஒன்றேதான்: கேஷை அழியுங்கள், பிரவுசரை அப்டேட் செய்யுங்கள், இணைய வேகத்தைச் சோதித்துப் பாருங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் 'ஆதரிக்கப்படும் இயங்குதளத்துக்கு' மாறுங்கள். மூன்று தடவையும் சொன்னதை எல்லாம் செய்து பார்த்தேன், அந்தக் கடைசி யோசனையைத் தவிர. அது ஏன் என்று கீழே சொல்கிறேன். இந்தத் தடவையாவது யாராவது ஒருவர் கடைசி வரி வரை படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

என்னுடையது 2017இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5, இரண்டு கோர், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் உபுண்டு லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். பழசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1080பி வீடியோவுக்கே மூச்சு வாங்கும் அளவுக்குப் பழசு இல்லை. டிஸ்க்கில் இருக்கும் ஒரு படத்தை எம்பிவி பிளேயரில் போட்டால் ஃபேன் ஓடுகிறதா என்றே தெரியாது, ஏனென்றால் எச்.264, எச்இவிசி, விபி9 என்ற மூன்று வீடியோ வடிவங்களையும் பிரித்துப் படமாக்க (டிகோட் செய்ய) இந்தச் சிப்பிலேயே தனிப் பகுதி இருக்கிறது, சிபியூ சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் தளத்தைத் திறந்தால் மட்டும் மடியில் வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது.

முதலில் நேரலை. 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம் என்று போட்டிருக்கிறீர்கள். ஓட ஆரம்பித்த ஒரு நிமிடத்தில் ஃபேன் அலறும், படம் விக்கி விக்கி நகரும், ஒலி ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம். இணைய வேகம் என்று மறுபடியும் சொல்லாதீர்கள், பஃபரில் எப்போதும் 30 நொடிக்குக் குறையாமல் டேட்டா நிற்கிறது. டெவலப்பர் கன்சோலைத் திறந்து வீடியோ பிளேபேக் குவாலிட்டி எண்களைப் பார்த்தேன்: பத்து நிமிடத்தில் வரவேண்டிய 36,000 ஃபிரேமில் ஆறாயிரத்துக்கும் மேல் கீழே விழுந்திருந்தது. ஆறுக்கு ஒன்று காணோம்.

என்ன அனுப்புகிறீர்கள் என்று பார்த்தால் ஏவி1. நல்ல கோடெக்தான், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, குறைந்த டேட்டாவில் நல்ல படம் கொடுக்கும், ராயல்டியும் இல்லை, திறமூலக்காரன் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்டெல் சிப்புகளில் ஏவி1 டிகோடிங் வன்பொருளாக வந்ததே 2020இல், பதினோராம் தலைமுறையில். என்னுடையது ஏழு. அதனால் மொத்தச் சுமையும் இந்த இரண்டு கோர் தலையில் விழுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் ஏவி1ஐ அணைத்துவிட்டு அதே நேரலையைத் திறந்தேன். உங்கள் சர்வர் மறுபேச்சில்லாமல் எச்.264 அனுப்பியது. அதே பத்து நிமிடம், விழுந்த ஃபிரேம் பதினொன்று. ஆக, என் கணினிக்கு ஏற்ற வீடியோ உங்களிடமே இருக்கிறது, கேட்டால் கொடுக்கிறீர்கள், நீங்களாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் மாட்டேன் என்கிறீர்கள். மீடியா கேப்பபிலிட்டீஸ் ஏபிஐ என்று ஒன்று இருப்பது உங்கள் பிளேயரை எழுதியவருக்குத் தெரியாமல் இருக்காது. இந்தக் கோடெக், இந்த அளவு, இந்த வேகம், ஓடுமா, விக்காமல் ஓடுமா, மின்சாரத்தைத் தின்னாமல் ஓடுமா என்று பிரவுசரிடமே கேட்கலாம், அதுவே பதில் சொல்லும். அந்த மூன்றாவது பதிலைப் பார்த்து முடிவெடுத்தாலே போதும், என் பிரச்சினை தீர்ந்துவிடும். லினக்ஸ் மட்டும் இல்லை, பழைய கணினி வைத்திருக்கும் எல்லாருடைய பேட்டரியும் பிழைக்கும்.

ஒரு பங்கு குறை எங்கள் பக்கமும் உண்டு, அதை மறைக்கவில்லை. லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் இன்டெல் சிப்புகளுக்கு ஹார்ட்வேர் டிகோடிங் தானாகவே இயங்க ஆரம்பித்தது 2023இல்தான், ஏஎம்டிக்கு 2025இல். அதற்கு முன்னால் மறைவான அமைப்புகளைத் தேடித் தேடி நாங்களேதான் திருகிக்கொண்டிருந்தோம். காப்புரிமைப் பயத்தில் 2022இல் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் தன் மேசா கிராஃபிக்ஸ் டிரைவரிலிருந்து எச்.264 ஹார்ட்வேர் டிகோடிங் வசதியையே எடுத்தது. அதற்கெல்லாம் உங்களைத் திட்டவில்லை.

திட்ட வேண்டியது இரண்டாவது விஷயத்துக்கு.

படங்கள், தொடர்கள் எதைத் திறந்தாலும் எனக்கு 480பிதான். தரத்தை மாற்றும் பட்டியலில் அதற்கு மேல் எதுவுமே காட்டாது. இத்தனைக்கும் அதே படத்தின் டிரெய்லர் அதே பக்கத்தில் 1080பியில் கண்ணாடி மாதிரி ஓடுகிறது, அதற்கு நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு இல்லை என்பதால். பூட்டுப் போட்ட படம் வைட்வைன் என்ற கூகுளின் டிஆர்எம் வழியாக வருகிறது, லினக்ஸில் அது எல்3 என்ற கடைசிப் பாதுகாப்பு நிலை, அதாவது பூட்டைத் திறப்பதும் படத்தை டிகோட் செய்வதும் மென்பொருளிலேயே நடக்கும், பாதுகாப்புக் குறைவு, அதனால் தரமும் குறைவு. உங்கள் சாட்டில் இருந்தவர் இரண்டு வாரம் கழித்து எங்கேயோ விசாரித்து இதைச் சொன்னார். சரி, உரிமைக்காரர்களோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம், எனக்குப் பிடிக்காவிட்டாலும் ஒப்பந்தம்தான் என்று நானும் விட்டிருப்பேன்.

ஆனால் விண்டோஸிலும் ஃபயர்ஃபாக்ஸ் வைட்வைனை வழக்கமாக அதே எல்3இல்தான் ஓட்டுகிறது. இதே லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தபோது, இதே ஃபயர்ஃபாக்ஸில், உங்கள் படங்கள் எனக்கு 720பியில் வந்தன. அப்போது எங்கே போனது அந்தப் பாதுகாப்பு?

சந்தேகம் வந்து ஒரு சோதனை செய்தேன். யூசர் ஏஜென்ட் என்று ஒரு வரி உண்டு, பிரவுசர் 'நான் இன்னார், இன்ன இயங்குதளத்தில் ஓடுகிறேன்' என்று உங்களிடம் சொல்லும் வரி. அதில் லினக்ஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டு விண்டோஸ் என்று எழுதினேன். வேறு எதையும் தொடவில்லை, அதே உபுண்டு, அதே வைட்வைன், அதே எல்3. பக்கத்தைப் புதுப்பித்தேன். 720பி வந்துவிட்டது! 'உங்கள் கருவிக்கு முழு ஆதரவில்லை' என்ற மஞ்சள் பட்டையும் காணாமல் போனது. பொய் சொன்னவனுக்கு நல்ல படம், உண்மை சொன்னவனுக்கு மங்கல் படம் என்பது எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது? பூட்டின் வலிமையை நீங்கள் பார்க்கவே இல்லை, பெயரைத்தான் பார்த்திருக்கிறீர்கள். யாரோ எப்போதோ எழுதிய ஒரு பட்டியலில் லினக்ஸ் கீழ்வரிசையில் கிடக்கிறது, அதை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அந்தக் கடைசி யோசனைக்கு வருகிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 என் ஏழாம் தலைமுறைச் சிப்பை ஏற்றுக்கொள்ளாது. ஆக நீங்கள் சொல்வதன் பொருள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்பது. உங்கள் பட்டியலில் ஒரு வரியைத் திருத்துவதைவிட அது எளிது என்று நினைக்கிறீர்களா?

நான் கேட்பது இவ்வளவுதான். நேரலையில் கோடெக்கைத் தேர்ந்தெடுக்கும் முன் என் கணினியால் எது முடியும் என்று கேளுங்கள். படங்களின் தரத்தை இயங்குதளத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எல்3 என்றால் எல்லா எல்3க்கும் ஒரே தரம் கொடுங்கள். அது முடியாது என்றால், பணம் வாங்கும் பக்கத்திலேயே 'லினக்ஸில் 480பி மட்டும்' என்று எழுதுங்கள். நான் சேர்ந்தபோது அங்கே 'முழு எச்டி' என்று மட்டும்தான் இருந்தது. ஐந்து மாதமாக அந்த முழு எச்டிக்கான சந்தாவைக் கட்டிவிட்டுப் பாதித் தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

ஃபிரேம் கணக்கு, ஏவி1 அணைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கிரீன்ஷாட், யூசர் ஏஜென்டை மாற்றியபோது பதிவு செய்த வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பிளேயரைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு அப்படியே அனுப்புங்கள். கேஷை நேற்றுதான் அழித்தேன்.

இப்படிக்கு,
சந்தா முடிய இன்னும் பன்னிரண்டு நாள் மிச்சமிருக்கும் வாடிக்கையாளர்