நம் மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். படிப்பகம் தினமும் சாயங்காலம் திறந்திருந்தது, கூரை ஒழுகிய இடத்தை ஐப்பசி மழைக்கு முன்னாலேயே அடைத்துவிட்டோம்.

ஆதிதிராவிடர்களும் வடம் பிடிக்கலாமா என்ற உரிமைத் தகராறில் தொடங்கிப் பல வருஷம் ஓடாமல் நின்ற கண்டதேவித் தேர் 2024 ஜூன் 21 அன்று ஓடியது. தேவகோட்டைக்குப் பக்கம்தானே, நம் உறுப்பினர்கள் பலர் போயிருந்தோம். திரும்பி வரும்போது வேனில் ஒரு பிள்ளை, "கயிறைத் தொடுறதுக்கா இவ்வளவு போலீஸ்?" என்று கேட்டது. யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் ஏப்ரல் 14 கூட்டத்தில் பழைய தடைகளை வாசித்தோம்.

1930 டிசம்பரில், நம் பக்கம் இராமநாதபுரம் மாவட்டமாக இருந்த காலத்தில், ஊர்களில் ஆதிக்கத்தில் இருந்த கள்ளர் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் போட்டார்கள். 1931 ஜூனில் அது 11 ஆனது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதை எழுதி வைத்திருக்கிறார். தங்கம் வெள்ளி கூடாது, சட்டை கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடை செருப்பு கூடாது, வீட்டில் மண்பாத்திரம்தான் புழங்க வேண்டும், அப்புறம் பிள்ளைகள் படிக்கக் கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள்.

மண்பாத்திரம் என்ற வரி வந்ததும் எங்கள் அப்பத்தா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. கோபித்துக்கொண்டு போகிறது என்று நினைத்தோம். பித்தளைக் குடம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தது. மலேயாத் தோட்டத்துக்குப் போன தாய்மாமன் அனுப்பிய காசில் அதன் அம்மா வாங்கினதாம், பகலில் வைக்கோல் படப்புக்குள்ளேயே கிடக்குமாம், ராத்திரியில்தான் வெளியே எடுப்பார்களாம். ஒரு பக்கம் நசுங்கி, கழுத்தில் பச்சை படிந்திருக்கிறது. செட்டிநாட்டில் எந்தப் பாத்திரத்தைத் திருப்பினாலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும், இதில் ஒரு எழுத்து இல்லை. பேர் வெட்டினால் யார் வீட்டுக் குடம் என்று தெரிந்துவிடுமே என்றது அப்பத்தா.

அன்றைக்கு நாட்டார் வீட்டுப் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். "எங்க அய்யா இதைப் பெருமையாச் சொல்லித்தான் கேட்டிருக்கேன், இந்தக் குடத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றவர், அதற்கு மேல் பேசாமல் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததற்கும் இருந்ததற்கும் மன்றத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். நம் தெருவில் சிலருக்கு அவரை அழைத்ததே பிடிக்கவில்லை, அந்த வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கதையை நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் போதாது, அடுத்த வருஷமும் அழைப்போம்.

குடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. காரைக்குடிக் கடையில் கொடுத்துத் தன் அம்மா பேரை வெட்டி வாங்கிக்கொண்டது. இப்போது தெருக் குழாயடியில் அந்தக் குடம் பகலிலேயே வரிசையில் நிற்கிறது.